மறுபடி கூப்பிடாதவர்கள்

அவர் முகத்தைப் பார்ப்பதற்கு நான்கு மாதம் முன்பே அவர் குரல் எனக்குப் பழகிவிட்டது. தரமணியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஒரு லேப்டாப் கம்பெனிக்கு வரும் புகார்களை அவர்கள் சார்பில் நாங்கள் போனில் கேட்டுக்கொள்வோம். நான் நேரடியாகப் புகார் கேட்பவன் இல்லை. கேட்பவர்கள் ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று, பதிவான பேச்சுகளைக் கேட்டு மார்க் போடுகிறவன். வணக்கம் சொன்னாரா, கூப்பிட்டவரைப் பேச விட்டாரா, கடைசியில் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்டாரா; ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

அவருடைய பதிவுகளில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழும். அப்படி இன்னும் சிலரும் இருந்தார்கள், அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. எனக்குப் புரியாதது வேறு. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஆரம்பிக்கிற ஆள், பத்தாவது நிமிடத்தில் "சரிம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு போனை வைப்பார். நடுவில் இந்தப் பெண்மணி சொன்னதெல்லாம் மற்றவர்களும் சொல்லுகிற அதே வரிகள்தான். எந்த இடத்தில் அந்தக் கோபம் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க நான் சில பதிவுகளை மூன்று முறை ஓட்டிக் கேட்டிருக்கிறேன். பிடிபட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. அவரிடம் பேசியவர்கள் மறுபடி கூப்பிடமாட்டார்கள். மற்றவர்களிடம் பேசியவர்கள் மறுநாள் கூப்பிடுவார்கள், அதற்கடுத்த வாரம் கூப்பிடுவார்கள், மேலாளரைக் கேட்பார்கள். ஒரு புகார் தீர்ந்ததா இல்லையா என்பதற்குக் கம்பெனி வைத்திருந்த ஒரே அளவுகோல் அதுதான். கூப்பிடவில்லை என்றால் தீர்ந்தது.

முதல்முறை நேரில் பார்த்தது கேன்டீனில். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை எப்போதும் சட்டைப்பையில் செருகுவதுபோல ரவிக்கைக்குள் செருகி வைத்திருப்பார். எனக்கு எதிரில் தட்டோடு உட்கார்ந்து கேட்டார்.

"நீதான என் போனை ஒட்டுக் கேட்டுக்கினு கீறது?"

குரல் அதேதான். ஆனால் பேச்சு வேறு. ஹெட்செட்டில் "வணக்கம் சார், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்று செய்தி வாசிப்பவரைப்போல் பேசுகிறவர், அதைக் கழற்றினால் வேறு ஆள். எனக்கு நிஜமாகவே குழம்பிப்போனது.

"அதான் என் வேலை அக்கா," என்றேன்.

"தெரியும், தெரியும். எனக்கு இன்னா மார்க்கு போட்ட?"

"முழு மார்க்."

"எதுக்கு?"

நான் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரித்தார். "போனை வெக்கறவங்க மனசு ஆறி வெக்கணும் நைனா. அவ்ளோதான். மெஷினு ஓடுதா, ஓடலயா, அது அப்பால."

மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மந்தைவெளிப் பக்கம் ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மயிலாப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் அங்கே கையால் தெரிந்துகொண்டது. கரையோர வீடுகளை அரசாங்கம் அகற்றியபோது நகரத்துக்கு வெளியே ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறித் தரமணிக்கு வருவார்.

அந்த வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துவிட்டது. அலுவலகத்தில் யாரோ கொடுத்த, பிடித்துக்கொண்டு நடக்கும் நடைவண்டியை எடுத்துப்போக ஆள் வேண்டும் என்றார், கூடப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. ஏழு மாடி ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றுகொண்டே பராமரிப்பு நம்பருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், உங்க லிஃப்ட் கம்ப்ளெயின்ட் போன வாரமே க்ளோஸ் ஆயிடுச்சு. சரி பண்ணிட்டதா காட்டுது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

"சரிங்க சார். புதுசா ஒண்ணு எழுதிக்கோங்க சார்," என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "அந்த ஆளு இன்னா பண்ணுவான்? கம்ப்யூட்டர் இன்னா சொல்லுதோ அத்த சொல்றான். அவனையும் எவனோ ஒருத்தன் ஒட்டுக் கேட்டுக்கினு இருப்பான்."

உள்ளே அவர் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாகக் கீழே இறங்கவில்லை என்று நான் கேட்கவில்லை. நடைவண்டியைப் பார்த்ததும் எழுந்து, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தரம் நடந்து காட்டினார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் இடம் வலம் மாறும் புகார்கள் வரத் தொடங்கின. கம்ப்யூட்டருக்குள் ஸ்பீக்கர், கேமரா என்று ஒவ்வொரு கருவிக்கும் டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கும். அந்தக் கருவியோடு கம்ப்யூட்டர் பேசுவது அதன் வழியாகத்தான். கம்பெனி அப்போது ஒலிக்கான டிரைவரைப் புதுப்பித்திருந்தது. புதுப்பித்த பிறகு, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் திறந்தால், சிலருக்கு இடது காதில் வர வேண்டிய சத்தம் வலது காதிலும் வலதில் வர வேண்டியது இடதிலும் வந்தது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுபடி மூடித் திறந்தால் மறுபடி மாறும்.

பாட்டுக் கேட்பவர்கள் யாரும் இதைக் கவனிக்கவே இல்லை. முதலில் கவனித்தவர் மயிலாப்பூரில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரியவர். வெளிநாட்டு மாணவர்களுக்காக இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பாடங்களைப் பதிவு செய்பவர். அவருடைய அழைப்பு அக்காவுக்குத்தான் போனது. அந்தப் பதிவை ஒரு வாரம் கழித்து நான் கேட்டேன்.

"ஏம்மா, நான் வாசிச்சது வலந்தலை, வலது பக்கம். கேக்கறச்சே இடது காதுல வரது. எனக்குத்தான் ஏதோ ஆயிடுத்தோன்னு நெனச்சுண்டு ஆத்துல எல்லாரையும் கேக்கச் சொல்லிட்டேன். அவாளுக்கும் அப்படித்தான் இருக்கு."

"புரியுதுங்க ஐயா. லேப்டாப்பை ஒருமுறை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கறீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

அவர் செய்தார். சரியானது. நாளைக்கும் வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். அக்கா சொல்ல வேண்டிய வரியைச் சொன்னார், அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். புகார் க்ளோஸ். நான் டிக் போட்டேன். டிக் போடும்போதே மனதில் ஓர் இடறல். மறுநாளே வந்திருக்கத்தானே வேண்டும், அதற்குப் பிறகு அவர் ஏன் மறுபடி கூப்பிடவில்லை?

பழைய டிரைவருக்குத் திரும்பினால் பிரச்சினை போய்விடும் என்று மாடியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய டிரைவரில் வேறொரு பாதுகாப்புக் குறை இருந்தது. அதனால் பழையதற்குத் திரும்பும் வழியை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

விடை எனக்குத் தி. நகரில் கிடைத்தது, நான் தேடாமலே. அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று ஆதம்பாக்கத்திலிருந்து அவரை அழைத்துக்கொண்டு ஒரு செவித்திறன் பரிசோதனை மையத்துக்குப் போயிருந்தேன். முதல் கட்டச் சோதனையை ஒரு லேப்டாப்பில் செய்தார்கள். சோதிக்கும் பெண் ஹெட்போனை அப்பாவுக்கு மாட்டுவதற்கு முன், தான் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, இடது கையைத் தூக்கினார், பிறகு வலது கையை. அதற்கப்புறம்தான் அப்பாவுக்கு மாட்டினார். லேப்டாப் எங்கள் கம்பெனியுடையது.

சோதனை முடிந்ததும் கேட்டேன். "எதுக்குங்க நீங்க முதல்ல போட்டுப் பாத்தீங்க?"

"இதுல ஒருவாட்டி இடமும் வலமும் மாறிடுச்சுங்க. கவனிக்காம ஒரு குழந்தைக்கு டெஸ்ட் பண்ணிட்டோம். கேக்காத காது நல்லா கேக்குதுன்னும், நல்ல காது கேக்கலைன்னும் எழுதிக் குடுத்துட்டேன். அந்தக் குழந்தையோட அம்மாதான், இல்லைங்க, இவ இந்தப் பக்கம் கூப்பிட்டா திரும்புவாளேன்னு சண்டை போட்டு மறுபடி பாக்கச் சொன்னாங்க. அவங்க சண்டை போடலைன்னா காது மெஷினை நல்ல காதுல மாட்டியிருப்போம்."

"கம்பெனில சொல்லலையா?"

"சொன்னேனே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னாங்க. ஆனா அன்னிக்குச் சாயந்திரமே அங்கேர்ந்து ஒரு அம்மா அவங்க சொந்த போன்லேர்ந்து கூப்பிட்டு, பழைய டிரைவரை எப்படிப் போடறதுன்னு நிதானமா சொல்லிக்குடுத்தாங்க. அதுலேர்ந்து மாறல. இருந்தாலும் எனக்கு பயம், ஒவ்வொருத்தருக்கும் நான் போட்டுப் பாத்துட்டுதான் போடறேன்."

எந்த அம்மா என்று எனக்குக் கேட்கத் தேவைப்படவில்லை. அக்கா பேசும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி இடுப்பில் செருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைக்கு வாங்க வேண்டிய சாமான் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்லவர் என்று. வாடிக்கையாளர் நம்பரை வெளியே எடுத்துப்போவது வேலையைப் பறிக்கும் குற்றம், பழைய டிரைவரைச் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம், இரண்டையும் தெரிந்தே செய்திருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்ததும் அந்தக் குழந்தையின் ஞாபகம் வந்தது. இந்த மையம் தப்பித்துவிட்டது. இதேபோல் இன்னொரு மையம் இருந்தால்? அங்கே சண்டை போடும் அம்மா இல்லை என்றால்?

மறுநாள் அலுவலகத்தில் வாராந்தரப் பட்டியலைத் திறந்தேன். எந்தக் குறையை முதலில் சரி செய்வது என்று மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் போகும் பட்டியல் அது. எந்தப் புகாருக்கு மக்கள் மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்களோ அது மேலே இருக்கும். இடம் வலம் மாறும் புகாரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. இந்தப் புகாரோடு வந்தவர்களில் பெரும்பாலோர் அக்காவிடம் போயிருக்கிறார்கள், ஏனென்றால் சத்தம் போடும் ஆட்களையெல்லாம் அவருக்குத்தான் தள்ளுவார்கள். அக்கா ஒவ்வொருவரையும் தனியாகக் காப்பாற்றிவிட்டார். காப்பாற்றப்பட்டவர்கள் யாரும் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடாததால் கம்பெனிக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் அவரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்றதும் முதலில் கண்கள் சுருங்கின.

"போட்டுக் குடுக்கப் போறியா?"

"இல்லக்கா. வேற ஒண்ணு." பட்டியலைப் பற்றிச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அந்தக் குழந்தை விஷயம் அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் போனில் அதைச் சொல்லவில்லை.

அவர் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போனது. அவர் ஏறவில்லை.

"அப்போ நான் சொல்லிக் குடுத்ததாலதான் இது அப்படியே கெடக்குன்றியா?"

"அப்படி இல்லக்கா..."

"அப்படித்தான் சொல்ற. சுத்தி வளைக்காத." அடுத்த பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இது ஒண்ணுதானா? நான் எத்தினி வருசமா இப்படி செஞ்சிக்கினு கீறேன் தெரியுமா? பிரிண்டரு, கேமரா, எத்தினி பேருக்கு. அதெல்லாம்?"

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அவர் நல்லது செய்தாரா, நல்லது என்ற பெயரில் கம்பெனிக்கு வசதி செய்து கொடுத்தாரா என்று யோசித்தால் ஒருநாள் ஒரு மாதிரி தோன்றுகிறது, இன்னொரு நாள் வேறு மாதிரி. அன்று அடுத்த பஸ் வந்ததும் அவர் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மாடி முழுக்க ஒரே பரபரப்பு. இடம் வலம் மாறுகிறது என்று காலையிலிருந்து அழைப்புகள். முன்பு க்ளோஸ் ஆன புகார்கள் எல்லாம் உயிர் பெற்று எழுந்து வந்தன. அணைத்துப் போடுங்கள் என்றால் "அதெல்லாம் பண்ணியாச்சு, எழுத்துல பதில் குடுங்க" என்றார்கள். மாலைக்குள் ஒருவரே மூன்று முறை கூப்பிட்டார். அக்காவின் இருக்கையில்தான் நெரிசல் அதிகம். அவர் ஒரு வார்த்தைகூடச் சமாதானமாகப் பேசவில்லை. "பதிவு பண்ணிக்கிட்டேன் சார். தீரலைன்னா மறுபடி கூப்பிடுங்க" என்று வைத்துக்கொண்டே இருந்தார். அந்த வாரம் அவருக்கு நான் போட்ட மார்க், மாடியிலேயே குறைவானது.

அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்கா துண்டுக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்திருக்கிறார். கம்பெனிக்குக் கூப்பிடுங்கள், கோபமாகக் கூப்பிடுங்கள், விடாதீர்கள் என்று. இது எனக்கு அவர் சொல்லித் தெரியவில்லை. மிருதங்கப் பெரியவர் சொல்லித் தெரிந்தது. அவருடைய அழைப்பு அன்று வேறொரு பையனுக்குப் போயிருந்தது, அதன் பதிவு என்னிடம் வந்தது.

"உங்க ஆபீஸ்லேர்ந்து அந்தம்மாதான் மறுபடி கூப்பிடுங்கோன்னா. நன்னா சத்தம் போடுங்கோன்னு வேற சொன்னா. நேக்குச் சத்தம் போட வராதுப்பா. அதனால மெதுவாவே சொல்றேன், கோச்சுண்டிருக்கேன்னு எழுதிக்கோ."

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் இது பதிவில் இருக்கிறது என்று உறைத்தது. அந்தப் பதிவை மார்க் போடாமல் ஒதுக்கி வைத்தேன். ஒதுக்கி வைத்தால் மறைந்துவிடும் என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. திடீரென்று இத்தனை அழைப்பு ஏன் என்று பார்க்க மேலாளரே உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனிதர்.

"இந்தப் பதிவை நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"அவங்க வெளியிலேர்ந்து கஸ்டமருக்குப் போன் பண்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கேள்வி முடிவதற்குள் வாயில் வந்துவிட்டது. அந்த அறையின் கண்ணாடிக்கு அப்பால் அக்கா நின்றுகொண்டிருந்தார், எனக்கு அடுத்து உள்ளே வருவதற்காக. என் பேச்சு அவருக்குக் கேட்டிருக்காது. வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், நானும் அசைத்தேன். மதியத்துக்குள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு கம்பெனி புதிய டிரைவரை வெளியிட்டது. அதோடு வந்த குறிப்பில் 'ஒலி தொடர்பான சில மேம்பாடுகள்' என்று ஒரு வரி இருந்தது. சோதனைக் கூடத்தில் அதுவரை லேப்டாப்புகளை மூடி வைக்காமல் நாள் முழுக்க ஓட்டியே சோதித்திருக்கிறார்கள், அதனால் அவர்கள் கண்ணில் படவே இல்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். யாரிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. டிரைவர் சரியாகிவிட்டது என்று தி. நகர் மையத்தில் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, அடுத்து வந்தவருக்கு மாட்டும் முன் ஹெட்போனைத் தன் காதில்தான் முதலில் வைத்தார்.

அக்காவைத் தேடிப் போக எனக்கு ஆறு மாதம் ஆனது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார். நான் போனபோது ஆதாரில் பெயர் தவறாக வந்துவிட்டது என்று ஒரு பெண்மணி அழும் நிலையில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரிடம் பேசிக்கொண்டே தட்டச்சு செய்தார். ஐந்தாவது நிமிடம் அந்தப் பெண்மணி தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதும் அது எந்த இடத்தில் நடந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பெண்மணி போனதும் எனக்கு ஸ்டூல் காட்டினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். டிரைவர் சரியாகிவிட்டது என்று சொன்னேன். பிறகு, மேலாளர் கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன்.

"தெரியும். அந்த ஆளு எங்கிட்ட சொன்னாரு. குவாலிட்டில இருக்கற பையனுக்கே தெரியாம பண்ணியிருக்கீங்களேன்னாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"இன்னா சொல்றது? ஆமான்னேன்."

நான் காத்திருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம். 'நீ இன்னா பண்ணுவ நைனா' என்று அவர் சொல்வார், லிஃப்ட்காரனுக்குச் சொன்னது மாதிரி, உலகத்தில் எல்லோருக்கும் சொல்லுவது மாதிரி எனக்கும் சொல்வார், நான் மனசு ஆறி வீட்டுக்குப் போவேன் என்று எதிர்பார்த்தேன்.

"கோவமாக்கா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "கோவம் கீது."

அவ்வளவுதான். வேறு எதுவும் சேர்க்கவில்லை, குரலும் உயரவில்லை. அடுத்த ஆள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "சொல்லுங்க ஐயா, இன்னா ஆச்சு?" என்றார். நான் வெளியே வந்து வெயிலில் நின்றேன்.

யாரையும் ஆற்றாமல் அனுப்பாதவர் என்னை மட்டும் ஏன் அப்படி அனுப்பினார்? தண்டனையா? இல்லை, வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதை எனக்குச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லையா? இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். முதல்முறை, அப்பாவுக்குக் காது மெஷின் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். எந்தக் காது என்று கேட்டு, நான் சொன்னதும், "சரியா பாத்துதான மாட்னாங்க?" என்றார். இரண்டாம் முறை டீ வாங்கிக் கொடுத்தார், அவர் கணவர் இப்போது வராந்தாவில் நடைவண்டி இல்லாமலே நடக்கிறார் என்றார். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.